போர்தோவில் ஒயினைச் சுவைப்பது எந்த உறுப்பு?

பிரான்சின் போர்தோ பகுதியில் கரோன், தோர்தோஞ் ஆறுகள் கலந்து ஜிரோந்த் கழிமுகமாகின்றன. அதன் இடக்கரையான மெடோக்கில் ஒயின் மாளிகைகளை, அதாவது திராட்சை வளர்த்து ஒயின் தயாரிக்கும் பண்ணைகளைப் பார்க்க வருபவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் காட்டப்படுவது திராட்சைத் தோட்டம்தான். தரையெங்கும் கூழாங்கற்கள். மழைநீர் அவற்றினூடே விரைந்து வடிந்துவிடும். பகலில் ஏறிய சூடு அந்தி சாய்ந்த பிறகும் தங்கியிருக்கும். தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவிஞோன் திராட்சைக்கு இந்த வெதுவெதுப்பு தேவை. வலக்கரையின் சேன்-எமிலியோனில் ஈரம் காக்கும் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் அதிகம். அங்கே முன்னதாகப் பழுக்கும் மெர்லோ செழிக்கிறது.

கபர்னே சரியாகப் பழுக்காவிட்டால் ஒயினில் பச்சைக் குடைமிளகாய் வாசம் வீசும். மெத்தாக்சிபைரசின் என்ற சேர்மம்தான் காரணம். ஒரு லிட்டர் ஒயினில் ஒரு கிராமின் நூறு கோடியில் 15 பங்கு இருந்தாலே பயின்ற மூக்கு அதைப் பிடித்துவிடும்.

அடுத்து பாதாள அறை. 225 லிட்டர் ஓக் பீப்பாய்கள் வரிசையாகக் கிடக்கின்றன. உட்புறம் தீயில் வாட்டப்பட்ட மரத்திலிருந்து வனிலா மணம் தரும் வனிலின் ஒயினுக்குள் இறங்குகிறது.

பிறகுதான் கோப்பை. அதைச் சுழற்றி வைத்தால் உள்சுவரில் துளிகள் திரண்டு, கோடுகளாக வழியும். இதைத் தரத்தின் அடையாளமாகப் பலர் சுட்டிக்காட்டுவார்கள், அது தவறு. சுவரில் படிந்த மெல்லிய படலத்திலிருந்து ஆல்கஹால் வேகமாக ஆவியாகிறது. மிஞ்சிய திரவத்தின் பரப்பு இழுவிசை கூடி, கீழுள்ள ஒயினை மேலே இழுக்கிறது. மேலே சேர்ந்தது கனத்து வழிகிறது. இதை இயற்பியலாளர் ஜேம்ஸ் தாம்சன் விளக்கியது 1855-இல். மூன்றாம் நெப்போலியனின் பாரிஸ் கண்காட்சிக்காக மெடோக் மாளிகைகள் தரவரிசைப்படுத்தப்பட்டதும் அதே ஆண்டில்தான். அந்த வரிசை இன்றும் விலையில் செல்வாக்குச் செலுத்துகிறது. தாம்சனின் விளக்கத்தையோ சுவைக்க வருபவர்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

ஒரு வாய் பருகியதும் நாக்கு உணர்வது கொஞ்சமே: புளிப்பு, கசப்பு, சற்று இனிப்பு. பிளாக்கரண்ட் பழம், தேவதாரு, புகையிலை என்று சொல்லப்படுபவை எல்லாம் மணங்கள். வாயில் வெதுவெதுப்பாகி ஆவியான மூலக்கூறுகள் தொண்டையின் பின்வழியாக மூக்கின் உச்சிக்கு ஏறுகின்றன. மூக்கைப் பொத்திக்கொண்டு பருகினால் அவை மறைந்துபோகும். தேர்ந்த சுவைஞர்கள் உதட்டைக் குவித்துச் சத்தத்துடன் காற்றை உறிஞ்சுவது இந்தப் பாதைக்கு ஆவியை அனுப்பத்தான்.

துவர்ப்பின் கதை வேறு. அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணினாலும், ஒயினில் அது பெரும்பகுதி தொடுவுணர்ச்சி. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின்கள் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றித் திரளவைக்கின்றன. வழவழப்பு போய், நாக்கும் கன்னமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. உமிழ்நீர் மீள்வதற்குள் அடுத்த கோப்பையை எடுத்தால் அது உள்ளதைவிடக் கரடுமுரடாகத் தோன்றும். ஆகவே மென்மையான ஒயினில் தொடங்குவதும், இடையில் ஒரு துண்டு ரொட்டி உண்பதும் வெறும் சம்பிரதாயம் அல்ல. துப்புவதும் அப்படியே: 13, 14 சதவீத ஆல்கஹாலைப் பல முறை விழுங்கினால் கவனம் கலைந்துவிடும். மணமோ துப்பிய பிறகும் மூக்கில் நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை போர்தோவிலேயே நடந்தது. மொரோ, புரோஷே, துபூர்தியே என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2001-இல் வெளியிட்டது. வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்பு நிறமியைக் கலந்து ஒயின் இயல் மாணவர்கள் 54 பேருக்குக் கொடுத்தார்கள். வெள்ளையாக இருந்தபோது வெள்ளை ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தவர்கள், அதே ஒயின் சிவந்ததும் சிவப்பு ஒயினுக்குரிய மணங்களைச் சொன்னார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று சொல்வது அநியாயம். மணத்தை அடையாளம் காணும்போது மூளை கண் தரும் செய்தியையும் சேர்த்தே படிக்கிறது.

காதில் விழும் சொல்லும் அப்படித்தான் வேலை செய்யும். மாளிகைக்குப் போகிறவர்கள் வழிகாட்டி மணங்களை அடுக்கத் தொடங்குமுன் கோப்பையை முகர்ந்து, தோன்றியதைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் சொல்வதைக் கேட்பது அதற்குப் பிறகு.