கூரையைச் சரிசெய்யும் முன் ஒரு போன்: புயல் சேதமும் வீட்டுக் காப்பீடும்

பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. மரக்காணம் அருகே இருக்கும் எங்கள் சித்தப்பா வீட்டு மாடியிலிருந்து அன்றிரவே நான்கு தகர ஷீட்டுகள் பெயர்ந்துவிட்டன. ஒன்று பக்கத்துத் தோட்டத்துத் தென்னையில் போய்ச் சொருகிக்கொண்டு நின்றது. மழை விட்ட மூன்றாம் நாளே சித்தப்பா ஆள் கூட்டிவந்து புது ஷீட் போட்டுவிட்டார். வீட்டுக் கடன் வாங்கியபோது காப்பீடும் சேர்த்தே எடுத்தது அவருக்கு ஞாபகம் வந்தது பொங்கலுக்கு அப்புறம்தான்.

"பழைய ஷீட்டை எங்கே வச்சிருக்கீங்க சித்தப்பா?" என்று கேட்டேன்.

"அதை எதுக்குடா வச்சுக்கிட்டு? பழைய இரும்புக்காரன்கிட்ட அப்பவே போட்டாச்சு."

போட்டோவும் இல்லை. சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் பார்த்தது பளபளப்பான புதுக் கூரையைத்தான். இழுத்தடித்து, கடைசியில் கேட்டதில் பாதிகூடத் தேறவில்லை. நிறுவனத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஆனால் அவர்கள் கையில் அந்தக் கத்தியைக் கொடுத்தது நாங்கள்தான்.

முதலில், உங்களுக்குக் காப்பீடு இருக்கிறதா என்றே பாருங்கள். வீட்டுக் கடன் வாங்கிய பலருக்குத் தங்கள் பெயரில் பாலிசி ஓடுவதே தெரியாது. பிரீமியத்தைக் கடன் தொகையோடு சேர்த்துவிட்டிருப்பார்கள். கடன் அனுமதிக் கடிதத்தையும் முதல் வருடக் கணக்கு அறிக்கையையும் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பாலிசி நகல் கையில் இல்லையென்றால் வங்கிக் கிளையில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். கடனோடு வந்தது சில சமயம் ஆயுள் காப்பீடாக மட்டும் இருக்கும். அது கூரைக்கு உதவாது.

வீட்டுக்கு என்று எடுத்ததானால், 2021 ஏப்ரல் 1-க்குப் பிறகு எடுத்தது பெரும்பாலும் 'பாரத் கிருஹ ரக்ஷா'வாக இருக்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொதுப் பாலிசி இது. ஆயுள் அல்லாத காப்பீடு விற்கும் எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, மரமோ வண்டியோ வந்து மோதுவது, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடிப்பது என எல்லாம் இதில் அடக்கம். வீடு என்றால் நான்கு சுவரும் கூரையும் மட்டுமில்லை. காம்பவுண்ட் சுவர், கேட், போர்ட்டிகோ, பொருத்தி வைத்த தண்ணீர்த் தொட்டி, மாடியில் போட்ட சோலார் பேனல்கூட கட்டடத்தின் கணக்கில் வரும்.

காப்பீட்டுத் தொகையில் நிலத்தின் விலை சேராது. வீட்டின் தரைப்பரப்பை, சதுர அடிக்கு ஆகும் கட்டுமானச் செலவால் பெருக்குவார்கள். 800 சதுர அடி, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 16 லட்சம். கட்டடத்துக்கு எடுத்தாலே, வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே சேர்ந்துவிடும். இந்தக் கணக்கில் 3.2 லட்சம். ஷீட் பறந்து, உள்ளே மழை இறங்கி, டிவியும் மெத்தையும் பாழானால் அதையும் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கூரை திறந்து கிடந்ததால், புயல் அடித்த 7 நாளுக்குள் திருட்டு நடந்தால் அதற்கும் கேட்கலாம்.

பழைய பாலிசிகளில் ஒரு வெட்டு இருந்தது. 20 லட்சம் பெறும் வீட்டை 10 லட்சத்துக்கு எடுத்திருந்தால், ஒரு லட்சம் நஷ்டத்துக்கு 50,000 தான் கொடுப்பார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்த வெட்டு கிடையாது. ஆனால் பரப்பளவையும் கட்டுமான வகையையும் உண்மையாகச் சொல்லியிருக்க வேண்டும். பின்னால் மாடியில் ஷீட் போட்டு ஓர் அறை இறக்கினீர்கள் என்றால் அதையும் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கீற்றுக் கூரை, மூங்கில், தார்ப்பாய் வேய்ந்தவற்றைப் பாலிசி 'கச்சா' கட்டுமானம் என்று தனியாகப் பிரிக்கிறது. அதையும் மறைக்க வேண்டாம்.

சரி, கூரை போய்விட்டது. இனி என்ன செய்வது?

நஷ்டத்தைப் பார்த்ததும் உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது பாலிசி. கிளெய்ம் படிவம், அதாவது இழப்பீடு கேட்கும் படிவம் கொடுக்க, சேதத்தை நீங்கள் முதலில் கவனித்த நாளிலிருந்து 30 நாள். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, "ஒரு மாசம் இருக்கே" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். படிவத்துக்குத்தான் ஒரு மாதம். தகவல் அன்றைக்கே போக வேண்டும். நிறுவனத்தின் இலவச எண்ணில் கூப்பிட்டு, பாலிசி எண், முகவரி, எப்போது, எதனால், ஏறக்குறைய என்னென்ன போனது என்று சொன்னால் போதும். கிளெய்ம் எண் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள். அதையே ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்பி வையுங்கள். பேசியதற்குச் சாட்சி இருக்காது, மின்னஞ்சலுக்கு இருக்கும்.

அப்புறம் போட்டோ. கூரையை மட்டும் நெருக்கமாக எடுத்தால் அது யார் வீட்டுக் கூரை என்று தெரியாது. தெருவிலிருந்து வீடு முழுவதும் தெரிய ஒன்று, மாடியிலிருந்து சில, உடைந்த இடத்தைக் கிட்டத்தில் சில, உள்ளே தண்ணீர் இறங்கிய சுவர், நனைந்த பொருள்கள். வீடியோவில் நடந்துகொண்டே பேசி எடுத்தால் இன்னும் நல்லது.

"அதுவரைக்கும் மழையில் நனைந்துகொண்டா இருப்பது?" என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. சேதம் மேலும் பரவாமல் தடுப்பது உங்கள் கடமை என்று பாலிசியே சொல்கிறது. தார்ப்பாய் கட்டலாம், ஆடிக்கொண்டிருக்கும் ஷீட்டைக் கழற்றி இறக்கலாம், மேலே சாய்ந்த மரத்தை வெட்டலாம். அதற்கான கூலிக்கும் தார்ப்பாய்க்கும் ரசீது வாங்கி வையுங்கள். நிரந்தர வேலையைத்தான் சர்வேயர் பார்க்கும்வரை தொடக் கூடாது. கழற்றிய ஷீட், உடைந்த ஓடு, ஊறிப்போன மெத்தை எல்லாம் ஒரு மூலையில் கிடக்கட்டும். நாற்றம் தாங்கவில்லையென்றால், தூக்கி எறியப்போவதாக மின்னஞ்சலில் போட்டோவோடு தெரிவித்துவிட்டு எறியுங்கள்.

கிளெய்ம் ஒரு லட்சத்துக்கு மேல் போனால் உரிமம் பெற்ற சர்வேயர் வர வேண்டும். அவருக்கான கட்டணம் நிறுவனத்தின் பொறுப்பு, நீங்கள் ஒரு பைசா கொடுக்க வேண்டாம். 2024 ஜூனில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தகவல் போன 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் அறிக்கை 15 நாளில் வர வேண்டும். அறிக்கை வந்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். பெரிய புயலுக்குப் பிறகு ஒரு சர்வேயர் கையில் எத்தனையோ வீடு இருக்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் இந்த நாள்கணக்கைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் போட்டால் கோப்பு நகர்வதைப் பார்க்கலாம்.

சர்வேயர் மாடியில் எதைப் பார்க்கிறார்? போல்ட் இருந்த துளையைப் பார்க்கிறார். காற்று இழுத்த ஷீட்டில் துளை ஒரு பக்கமாகக் கிழிந்திருக்கும். துருப்பிடித்து விட்டுப்போனதில் ஓரம் பழுப்பாக, பொரிந்து கிடக்கும். ஓட்டு வீடானால் உடைந்த ஓடு ஒன்றை எடுத்துப் பார்ப்பார். நேற்று உடைந்த ஓட்டின் விளிம்பு செக்கச்செவேல் என்றிருக்கும். போன வருடம் உடைந்ததில் பாசி ஏறிக் கறுத்திருக்கும். கான்கிரீட் வீட்டில் கூரையின் உட்பக்கத்தைப் பார்ப்பார். ஒன்றுக்குள் ஒன்றாக மஞ்சள் வளையங்கள் இருந்தால் அது பல மழை கண்ட ஒழுகல். நாள்பட்ட ஓதமும், தளத்தில் விரிசல் விட்டு மெல்ல மெல்லக் கசிவதும் புயல் சேதம் ஆகாது. அதைப் புயல் தலையில் போட்டுக் கேட்டால் உண்மையான சேதமும் சந்தேகத்துக்குள்ளாகும். மழைக்காலத்துக்கு முன்பே மாடியைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால், அந்த ஒரு படம் பத்து வாக்குவாதத்தை மிச்சப்படுத்தும்.

கொத்தனார் துண்டுச்சீட்டில் "ஷீட் வேலை மொத்தம் 1,50,000" என்று எழுதித் தருவது போதாது. எத்தனை ஷீட், என்ன அளவு, என்ன விலை, பைப் எத்தனை, போல்ட் எத்தனை, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். இடிபாடுகளை அள்ள, ஏற்கப்பட்ட கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரை தனியாகக் கிடைக்கும். ஒன்றரை லட்சத்துக்கு 3,000 ரூபாய். விழுந்த தென்னையை அறுத்து அப்புறப்படுத்த அது காணாதுதான், ஆனாலும் கேளுங்கள். பொறியாளர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரை உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் இருந்த இடத்தில் விலை கூடிய ஷீட் போட்டால் வித்தியாசம் உங்கள் கையிலிருந்துதான். கடன் பாக்கி இருந்தால் பணம் வங்கி வழியாக வரலாம். அதை முன்கூட்டியே கிளையில் பேசிவிடுங்கள்.

அரசு தரும் புயல் நிவாரணம் வேறு. மிக்ஜாம் புயலின்போது சேதமடைந்த குடிசைகளுக்கு 8,000 ரூபாய், பெஞ்சலின்போது 10,000 என்று அரசு அறிவித்தது. அது வி.ஏ.ஓ. கணக்கெடுப்பில் வருவது. அங்கே பெயர் கொடுத்ததால் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் போனதாக ஆகாது.

தாமதமாகிவிட்டால் எல்லாம் போயிற்றா? இல்லை. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. போன் எங்கே பேசுவது? இப்படி நியாயமான காரணம் இருந்தால், தாமதம் என்ற ஒன்றை மட்டும் வைத்து இயந்திரத்தனமாக மறுக்கக் கூடாது என்று 2011 செப்டம்பர் 20-ஆம் தேதியே ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கை விட்டிருக்கிறது. 2017-இல் ஒரு லாரித் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதே கருத்தைச் சொன்னது. ஆகவே தாமதத்துக்கான காரணத்தைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே, தேதியோடு எழுதுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

மறுத்துவிட்டாலோ, குறைத்துக் கொடுத்தாலோ, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் நிறுவனத்தைச் சேராத காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மன்) போகலாம். தமிழ்நாட்டுக்கு அந்த அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான வழக்கை விசாரிப்பார். மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 155255 எண்ணிலும் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

சித்தப்பாவுக்குக் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டிய ஓராண்டு கழிந்துவிட்டது. ஆணையத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று போன வாரம்கூடச் சொல்லிப் பார்த்தேன். "ஷீட்டு நல்லாத்தான்டா இருக்கு, விடு" என்கிறார்.