காலியாகாத தண்ணீர்த் தட்டு

கோடை பிறந்துவிட்டால், சேலத்தில் நான் நடத்தும் கால்நடை கிளினிக்குக்கு நாய், பூனைகளோடு அட்டைப்பெட்டிகளும் வரத் தொடங்கும். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு குருவியோ புறாவோ ஒடுங்கிக் கிடக்கும். சென்ற சித்திரையில் அழகாபுரத்திலிருந்து ஓர் அம்மா, புள்ளிப்புறா ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். "தொண்டையில் சோறு சிக்கிக்கொண்டது டாக்டர், விழுங்க முடியாமல் தவிக்கிறது" என்றார்.

அலகை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நாக்கடியிலிருந்து தொண்டைவரை, திரிந்த பாலைப் பிழிந்து அப்பியதுபோல் மஞ்சள் கட்டி. கெட்ட வாடை. மார்பெலும்பு கத்தி முனையாகத் துருத்திக்கொண்டிருந்தது. பல நாள் பட்டினி. அது சோறல்ல, ட்ரைக்கோமோனாஸ் என்ற ஓரணு ஒட்டுண்ணி செய்த வேலை. மறுநாள் விடியும்முன் புறா இறந்துவிட்டது.

வீட்டில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கிறீர்களா என்று கேட்டிருந்தேன். "ஒருநாள்கூடத் தட்டைக் காலியாக விட்டதில்லை" என்றார். அதுதான் சிக்கல். குறையக் குறைய மேலே ஊற்றிவந்திருக்கிறார். தட்டின் உட்புறம் விரலால் தடவினால் வழவழவென்று பாசி. இந்தப் புறாவுக்கு அங்கேதான் தொற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், நோயுற்ற புறா வாய் வைத்த தண்ணீரை அடுத்தது குடித்தால் தொற்றும். மற்ற பறவைகளில் பெரும்பாலானவை அலகில் மொண்டு தலையை அண்ணாந்து விழுங்கும். புறா அலகை அமிழ்த்தி உறிஞ்சும். வாயிலுள்ளது அத்தனையும் தண்ணீரில் கலந்துவிடும்.

இந்த ஒட்டுண்ணி உலர்ந்த இடத்தில் பிழைக்காது. சேலத்து வெயிலைவிட நல்ல மருந்து வேறென்ன வேண்டும்? இரண்டு மண் தட்டுகள் வாங்குங்கள். ஒன்று நிழலில் தண்ணீரோடு இருக்கட்டும். மற்றொன்றைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி மொட்டைமாடியில் கவிழ்க்காமல் காய வையுங்கள். தினமும் காலையில் மாற்றுங்கள். டெங்கு கொசுவும் முட்டையிட்டுப் பெருக வழியிருக்காது. இரண்டு அங்குல ஆழம் போதும். நடுவில் ஒரு கல் கிடந்தால் சிட்டுகளும் பயமின்றி இறங்கும். எவர்சில்வர் பாத்திரம் வேண்டாம், வெயிலில் கொதித்துவிடும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் பனிமூட்டம் சில சமயம் நாள்கணக்கில் விலகாது, தட்டு காயாது. அங்கிருப்பவர்கள் தேய்த்துக் கழுவியபின் கொதிக்கும் நீரை ஊற்றி எடுங்கள்.

தீனியைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள். மிக்சர், பிஸ்கட், ரொட்டி எதுவும் வேண்டாம். கறிவேப்பிலை மரத்தில் காய் பிடித்ததும் ஒடித்துப் போடுகிறோமே, அதை விட்டுவையுங்கள். பழுத்துக் கறுக்கும்போது சின்னானும் குயிலும் தேடி வரும். செம்பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். தேன்சிட்டு பூவில் தேன் குடித்தாலும், குஞ்சுக்கு ஊட்டுவது சிலந்தியையும் பூச்சியையும்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்தித் தத்தி நடந்தால் அது பெரும்பாலும் பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்துக் கிளையில்தான் இருக்கும். நாயையும் பூனையையும் உள்ளே கட்டிவிட்டு விலகி நில்லுங்கள், போதும்.

உண்மையிலேயே அடிபட்ட பறவையென்றால், அன்பின் மிகுதியில் அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே திறந்திருக்கும். ஒரு சங்கு தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். கால் முறிந்து வந்து, பிழைத்திருக்க வேண்டிய மைனா ஒன்றை இப்படித்தான் இழந்தேன். துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழைய பருத்தித் துணி விரித்து உள்ளே விடுங்கள். இருட்டும் அமைதியும்தான் அதற்கு முதலுதவி. காட்டுப் பறவையை வீட்டில் வைத்து வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. எனவே வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு, பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வழியில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம்.