முடிச்சே இல்லாத சாரம் எப்படி இடுப்பில் நிற்கிறது?

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது பெரியப்பாதான் சாரம் கட்டக் காட்டித் தந்தார். பின்னேரம், கிணற்றடி. கட்டம் போட்ட புதுச் சாரம், கடைக் கஞ்சியின் மொடமொடப்பு இன்னும் போகவில்லை. நான் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்து, இறுக்கிச் செருகினேன். பத்தடி நடப்பதற்குள் தளர்ந்துவிட்டது. பெரியப்பா வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"இறுக்கினா நிக்குமெண்டு நினைக்காதை தம்பி. வயித்தை எக்கிப் பிடி. இப்ப மடி. இப்ப சுருட்டு. சரி, இப்ப மூச்சை விடு."

மூச்சை விட்டேன். சாரம் தானாக இறுகியது. அன்று படுக்கும்வரை அவிழவில்லை.

அந்த மூச்சில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது என்பது பல வருடம் கழித்து, பௌதிகம் படித்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் சந்தையிலும் துறைமுகத்திலும் தோட்டத்திலும் ஆயிரக்கணக்கான ஆண்கள் கட்டியிருக்கிற இந்த உடுப்பில் பொத்தான் இல்லை, வார் இல்லை, முடிச்சுக்கூட இல்லை. ஆனாலும் அது நிற்கிறது. எப்படி?

தமிழ்நாட்டில் லுங்கி, கைலி என்பார்கள். எங்களுக்கு அது சாரம். மலாய் மொழியில் 'சாருங்' என்றால் உறை. பெயர் பொருத்தமானது, ஏனென்றால் சாரம் என்பது இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்த ஒரு துணிக் குழாய்தான். (இந்தோனேசியாவில் கட்டம் போட்ட சாரத்தை இன்றும் 'பலேகாட்' என்கிறார்கள். அது நம் பழவேற்காட்டின் பெயர். துணியோடு ஊர்ப் பெயரும் கடல் கடந்திருக்கிறது.) குழாயின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். ஒருவருடைய இடுப்பு 85 செ.மீ. என்றால், மிச்சம் ஒரு மீட்டருக்கும் மேல். அந்த மிச்சத்தை முன்பக்கம் மடித்து, மேல் விளிம்பை வெளிப்பக்கமாக இரண்டு மூன்று தரம் சுருட்டிவிடுகிறோம். அவ்வளவுதான் கட்டு.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. வட்டமான ஒன்றைச் சுற்றி ஒரு பட்டியை இழுத்துப் பிடித்தால், அது எல்லாப் பக்கமும் உள்நோக்கி அழுத்தும். அந்த அழுத்தங்களையெல்லாம் கூட்டினால், பட்டியின் இழுவிசையைப் போல 6.28 மடங்கு வரும் (அதாவது இரண்டு பை). இந்த அழுத்தம்தான் துணிக்கும் தோலுக்கும் இடையே உராய்வைத் தருகிறது. சாரத்தின் எடை 300 கிராம், உராய்வு எண் (இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பிடிக்கின்றன என்பதன் அளவு) 0.4 என்று வைத்துக்கொள்வோம். சாரம் வழுக்கி விழாமல் இருக்கத் தேவையான இழுவிசை வெறும் 120 கிராம் எடை அளவு! இரண்டு கோழிமுட்டையைத் தூக்கிப் பிடிக்கிற விசை. மடியில் 200 கிராம் கைப்பேசியைச் செருகினாலும் தேவை 200 கிராம் அளவுக்குத்தான் போகும்.

ஆக, பெரியப்பா சொன்னது சரி. பலம் தேவையில்லை. தேவையானது, அந்தச் சிறிய இழுவிசை எந்த நேரமும் குறையாமல் இருப்பது. அதைத் தருவது கை அல்ல, வயிறு. எக்கிப் பிடித்துக் கட்டிவிட்டு மூச்சை விட்டதும் வயிறு வெளியே வந்து துணியைத் தள்ளுகிறது. உயிருள்ள ஒரு சுருள்வில் உள்ளே இருந்து எப்போதும் தள்ளிக்கொண்டிருப்பது போல. அதனால்தான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாரம் இறுகுகிறது. நல்லூர்த் திருவிழாவில் விரதம் இருக்கிறவர்கள் பொழுதேற ஏற வேட்டியை மறுபடி மறுபடி சரிசெய்வதும் இதே காரணத்தால்தான். வயிறு உள்ளே போகிறது, வில் தளர்கிறது.

சரி, அந்த இழுவிசை சுருட்டின இடத்தில் ஏன் நழுவிப் போகவில்லை? குருநகர்த் துறையில் தோணியைக் கட்டுகிறவர்களைப் பாருங்கள். கயிற்றை முடிச்சுப் போடாமல் கட்டையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை ஒரு கையால் பிடித்திருப்பார்கள். தோணி அலையில் எவ்வளவு இழுத்தாலும் கை தாங்கும். சுற்றச் சுற்றப் பிடி கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். உராய்வு எண் 0.3 என்றால், ஒரு சுற்றுக்கு 6.6 மடங்கு, இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு, மூன்று சுற்றுக்கு 280 மடங்குக்கும் மேல். 18ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் இதைக் கணக்காக எழுதிவிட்டார். எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்தால் நாலு முழம், அதாவது ஏறத்தாழ 1.8 மீட்டர். 85 செ.மீ. இடுப்பை அது இரண்டு சுற்றுச் சுற்றும். உள்ளே இருக்கும் நுனியை நாற்பது மடங்கு பலத்தோடு வேட்டியே பிடித்துக்கொள்கிறது. சாரத்தில் இந்த வேலையைச் செய்வது மடிப்பும் சுருட்டலும். ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து அடுக்குத் துணி, அவற்றை உள்ளிருந்து வயிறு அழுத்துகிறது. ஓரடுக்கு நழுவ வேண்டுமென்றால் எல்லா அடுக்கும் இடம்கொடுக்க வேண்டும்.

என் புதுச் சாரம் அன்று நிற்காமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. "ரெண்டு தரம் தோய்ச்சாப் பிறகுதான் சாரம் நிக்கும்" என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். கஞ்சி, நூலின் மேல் எழுந்து நிற்கும் மெல்லிய பஞ்சு இழைகளை ஒட்டி மழமழப்பாக்கிவிடுகிறது. தோய்க்கத் தோய்க்கக் கஞ்சி போய், இழைகள் எழும்பி ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. பொலியெஸ்டர் கலந்த சாரம் மலிவு, சாயம் போகாது, ஆனால் பருத்தி பிடிப்பது போல அது பிடிக்காது.

நனைந்தால்? கிணற்றடியில் நாலு வாளி ஊற்றினால் சாரத்தின் எடை இரண்டு மூன்று மடங்காகும். விழ வேண்டும் அல்லவா? விழுவதில்லை. ஈரத் தோலில் துணியின் உராய்வும் கூடுகிறது. குளித்து முடித்ததும் உலர்ந்த சாரத்தைத் தலைவழியே போட்டு, அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, உள்ளே ஈரச் சாரத்தை அவிழ்த்துக் காலடியில் விடுகிறோம். நாலு பக்கமும் திறந்த கிணற்றடியில், ஒரு துணிக் குழாய் உடுப்பு மாற்றும் அறையும் ஆகிவிடுகிறது.

இனி நடை. இரண்டு கணுக்காலையும் சுற்றி 2 மீட்டர் வளையம் இருந்தால், கால்களை அகட்டக்கூடிய தூரம் ஏறத்தாழ 85 செ.மீ. முன்மடிப்பு கீழே விசிறி போல விரிவதால் முழுச் சுற்றளவும் காலுக்குக் கிடைக்கிறது. சாதாரண நடையில் ஓரடி 70, 75 செ.மீ. தாராளமாகப் போதும். ஓட வேண்டும், வாய்க்கால் தாண்ட வேண்டும் என்றால்தான் தட்டும். அப்போது நாங்கள் சண்டிக்கட்டுக் கட்டுகிறோம்: கீழ் விளிம்பைத் தூக்கி இடுப்பில் செருகிவிடுவது. பார்ப்பதற்குச் சண்டைக்குப் போகிற தோரணை. அதன் கணக்கோ மிக அழகானது. கால்கள் இடுப்பில் சேர்ந்து கீழே விரிகிற ஒரு முக்கோணம். முழங்கால் நடுவில் இருக்கிறது, ஆகவே அங்கே கால்களுக்கு இடையிலான தூரம் கணுக்காலில் இருப்பதில் பாதிதான். வளையத்தைக் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு உயர்த்தினால், எட்டிவைக்கக்கூடிய தூரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகி ஒன்றரை மீட்டரைத் தொடும். வரப்பைத் தாண்டுகிறவருக்கும் சைக்கிளில் காலைத் தூக்கிப் போடுகிறவருக்கும் வேறென்ன வேண்டும்?

வெக்கைக்கு வருகிறேன். நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

சும்மா உட்கார்ந்திருக்கிற மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது, பழைய குண்டு மின்குமிழ் ஒன்றைப் போல. சித்திரை, வைகாசியில் யாழ்ப்பாணத்தின் மத்தியானம் 33 பாகை செல்சியஸ்வரை போகும். நம் தோலின் வெப்பநிலையும் 34, 35 பாகைதான். இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்போது வெப்பம் தானாக வெளியேறாது. மிஞ்சியிருக்கிற ஒரே வழி வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 100 வாட்டையும் வியர்வையால் மட்டும் போக்க, மணிக்கு 150 கிராம் ஆவியாக வேண்டும். ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். வழிந்து சொட்டுகிற வியர்வையால் பலன் மிகக் குறைவு.

ஒட்டிய ஜீன்ஸில் என்ன நடக்கிறது? தோலுக்கும் துணிக்கும் இடையே மெல்லிய ஒரு காற்றுப் படலம் சிக்கிக்கொள்கிறது. சில நிமிடத்தில் அது ஈரத்தால் நிறைந்துவிடும். நிறைந்த காற்றுக்குள் வியர்வை ஆவியாகாது. தொடை நனைகிறது, குளிர்வதில்லை.

சாரத்தில் நிலைமை வேறு. அடிப்பக்கம் முழுவதும் திறந்த வாய். பலர் இதைப் புகைபோக்கி என்று விளக்குகிறார்கள்: சூடான காற்று மேலெழும்ப, குளிர்ந்த காற்று கீழிருந்து புகும் என்று. எனக்கு அது முழுதாக ஒத்துவரவில்லை. புகைபோக்கிக்கு மேலே ஓட்டை வேண்டும். சாரத்தின் மேல்வாய் இடுப்பில் இறுக மூடியிருக்கிறதே! பாலைவனத்துப் பெதுவின் மக்களின் அங்கிக்கு அந்த விளக்கம் பொருந்தும், அதற்குக் கழுத்துப் பக்கம் திறப்பு உண்டு. அவர்கள் ஏன் அந்த வெயிலில் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று ஆராய்ந்து 1980இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. கறுத்த துணி கூடுதலாக வாங்கிய வெப்பம் தோலைத் தொடும் முன்பே உள்ளே ஓடும் காற்றோடு வெளியேறிவிடுகிறது என்று கண்டார்கள்.

சாரம் வேலை செய்வது துருத்தியைப் போல. கொல்லன் பட்டறைத் துருத்தி விரியும்போது காற்றை இழுத்து, சுருங்கும்போது தள்ளும். ஒவ்வொரு அடிக்கும் முன்கால் துணியை முன்னே தள்ள, உள்ளே இடம் பெருகிக் கீழ்வாயால் புதுக் காற்று புகுகிறது. அடுத்த அடியில் துணி பின்னால் விழ, ஈரக் காற்று வெளியே போகிறது. மிச்சம் கொஞ்சம் நெசவின் இடுக்குகள் வழியே கசிகிறது. ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட இலேசானது என்பதால் மேலே இடுப்புப் பக்கமாகத் தேங்கப் பார்க்கும். அங்கே பருத்தி அதைக் குடிக்கிறது. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் எட்டு வீதத்துக்கும் மேல் நீரை வைத்திருக்கும். பொலியெஸ்டர் அரை வீதம்கூட வைத்திருக்காது. சும்மா நிற்கும்போதும் ஆண்கள் சாரத்தின் விளிம்பைப் பிடித்து இரண்டு உதறு உதறுவதைப் பார்த்திருப்பீர்கள். துருத்தியைக் கையால் இயக்குகிறார்கள், அவ்வளவுதான்.

ஆணின் விதைகள் உடலின் 37 பாகையைவிட 2 முதல் 4 பாகை குறைவாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். அதற்காகத்தான் அவை உடலுக்கு வெளியே இருக்கின்றன. 2018இல் அமெரிக்காவில் குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கு வந்த 656 ஆண்களை ஆராய்ந்தபோது, தளர்ந்த உள்ளாடை அணிந்தவர்களுக்கு விந்தணுச் செறிவு 25 வீதம் கூடுதலாக இருந்தது. சாரத்தை வைத்து நடத்திய ஆய்வு அல்ல அது, ஆனாலும் வெப்பம் போகும் வழி ஒன்றுதான். தொடையிடுக்கில் படர்தாமரை வந்தவர்களிடம் மருத்துவர்கள் தளர்ந்த பருத்தி உடுப்பைப் போடச் சொல்வதும் இந்தக் காற்றோட்டத்துக்காகத்தான்.

ஸ்கொட்லாந்து ஆண்கள் பாவாடை போலக் கட்டுகிற கில்ட் குளிருக்கான உடுப்பு, ஆனால் சாரத்துக்குச் சொந்தம். ஏழு மீட்டர் அளவுக்குக் கம்பளித் துணி, பின்பக்கம் முழுக்கக் கொசுவம், பக்கத்தில் தோல் வாரும் வளையமும். அந்தக் கனத்தால் மலைக்காற்றில் அது எளிதில் பறக்காது. தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றில், கடலுக்குக் குறுக்கே போகிற பண்ணைப் பாலத்தில் நடக்கிற வேட்டிக்காரருக்கு அந்த வசதி இல்லை, அவர் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஸ்கொட்லாந்தில் எழுந்த கலகத்தை அடக்கிய பிரித்தானிய அரசு 1746இல் சட்டம் போட்டு அங்குள்ள மலைநாட்டாரின் கில்ட்டைத் தடைசெய்தது. முதல் தரம் பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுதரம் ஏழு வருட நாடுகடத்தல். அந்தத் தடை 1782வரை நீடித்தது.

எங்கள் ஊரில் அப்படிச் சட்டம் ஏதும் இல்லை. ஆனாலும் என் பெரியப்பாவை ஒரு கந்தோர் வாசலில், "நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு வாங்கோ ஐயா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தோய்த்து மடிப்புக் குலையாத வெள்ளைச் சாரம் கட்டியிருந்தார். எனக்கு அது இன்றும் மனதில் உறுத்துகிறது. காற்சட்டை குதிரையேறுகிறவனின் உடுப்பு. இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையது சீனாவின் மேற்கே, துர்பான் பகுதியின் யாங்ஹாய் கல்லறைகளில் இருந்தது. 3,000 வருடத்துக்கும் மேல் பழமையான கம்பளித் துணி, குதிரை வீரனோடு புதைக்கப்பட்டது. சேணத்தில் தொடை உரசாமலிருக்கத் தைத்த வடிவம் அது. யாழ்ப்பாணத்தில் குதிரை என்றால் நெடுந்தீவில் கட்டாக்காலியாக மேய்பவைதான்.

மார்கழியில் வாடை அடிக்கிற இரவுகளில் பெரியப்பா அதே சாரத்தைத்தான் போர்த்துக்கொள்வார். இடுப்புச் சுருட்டலை அவிழ்த்து, மேல் விளிம்பைக் கழுத்துவரை இழுப்பார். முழங்காலை மடக்கி, கீழ் விளிம்பைப் பாதத்துக்கு அடியில் செருகுவார். இரண்டு வாயும் அடைபட்டதும் துருத்தி நின்றுவிடும். உள்ளே அசையாமல் நிற்கிற காற்றைப் போல வெப்பத்தைக் காக்கிற பொருள் சிலதான் உண்டு. பகல் முழுக்க அவரைக் குளிரவைத்த அந்தத் துணிக் குழாய்க்குள் கொஞ்ச நேரத்தில் சூடு பரவ, அவர் கண் அயர்ந்துவிடுவார்.