சொல் விளக்கம்: வெள்ளோட்டம்

பிப்ரவரி வந்தால் செப்பாங் பந்தயத் தடத்தில் மோட்டோ ஜிபி பந்தய மோட்டார்சைக்கிள்கள் உறுமத் தொடங்கும். நம் தமிழ்ச் செய்திகளில் 'முன்பருவத் தேர்வு' தொடங்கும். தேர்வில் இவர் முதலிடம், தேர்வில் அவர் பின்னடைவு என்று மூன்று நாளைக்கு ஓயாது. 2025-இல் பந்தய வீரர் அலெக்ஸ் மார்க்கெஸ் 1 நிமிடம் 56.493 விநாடியில் ஒரு சுற்றை முடித்தபோதும் அதே 'தேர்வு'தான். செந்தூலில் என் மோட்டாரைப் பழுது பார்க்கும் போமன் (பட்டறை மெக்கானிக்) அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, "எந்த டீமுக்கு எடுத்திருக்காங்க?" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. தேர்வு என்றால் ஒன்று, ஆளைத் தேர்ந்தெடுப்பது. இல்லையென்றால் பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். பரீட்சை.

இந்தத் தேர்வு எங்கிருந்து வந்தது என்று தேட வெகுதூரம் போக வேண்டாம். மலாய்ச் செய்தியில் 'உஜியான் பிராமுசிம்' என்று இருக்கும். உஜியான் என்றால் பள்ளிக்கூட மாதச் சோதனையும்தான், இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பதும்தான். அவசரத்தில் மொழிபெயர்ப்பவருக்குப் பள்ளிக்கூடம்தான் முதலில் ஞாபகம் வருகிறது. அப்புறம் அந்த 'முன்பருவம்'. பருவம் என்றதும் நமக்கு மழையோ வயதோ நினைவுக்கு வரும். 'பந்தயங்கள் தொடங்குமுன்' என்று எழுதினால் குறைந்தா போகும்?

இதற்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத் தேரையோ புதுக் கப்பலையோ முதலில் ஓட்டிப் பார்ப்பது. 'வெள்' என்பதற்கு இங்கே வெறுமை என்று பொருள் கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. வெள்ளறிவு என்றால் உள்ளீடில்லாத அறிவு அல்லவா, அதுபோல. செப்பனிட்ட தேரை வெள்ளோட்டம் விடும்போது உற்சவர் ஏறுவதில்லை. வடம் பிடிப்பார்கள், சக்கரம் உருளும், முட்டுக்கட்டை போட்டுத் திருப்பிப் பார்ப்பார்கள், அச்சு முனகுகிறதா என்று ஆசாரி காதைக் கொடுத்துக் கேட்பார். கூட்டமும் கூடும். ஆனால் அதைத் தேரோட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லின் கதை இவ்வளவுதான்.

தேர்வு என்ற சொல்லின் மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? அது வெறும் சொல் பிழையாக நின்றுவிடாமல் படிப்பவரின் புத்தியையே திருப்பிவிடுகிறது. தேர்வு என்றால் எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே நேரம், கடைசியில் மதிப்பெண். வெள்ளோட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் கேள்வித்தாள் வேறு, அதை யாரும் வெளியே காட்டுவதும் இல்லை. ஃபார்முலா ஒன் காரில் 10 கிலோ எரிபொருள் கூடினால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 0.3 விநாடி போய்விடும். 2019 விதிப்படி ஒரு பந்தயத்துக்கு 110 கிலோ வரை செலவழிக்கலாம். தொட்டியை நிரப்பியவருக்கும் சொட்டு வைத்து ஓட்டியவருக்கும் மூன்று விநாடி வித்தியாசம் வரும். பட்டியலில் முதல் பத்துப் பேரும் ஒரு விநாடிக்குள் நிற்கும்போது அந்த வரிசை எதைச் சொல்லும்? டயர் மென்மையானதா கடினமானதா, இன்ஜினை எவ்வளவு திறந்துவிட்டார்கள், வெயிலா நிழலா என்பதெல்லாம் இதற்கு மேல்.

அந்த 2019-ஐயே பாருங்கள். பார்சலோனா வெள்ளோட்டத்தில் ஃபெராரியின் வெட்டல் 1:16.221, மெர்சிடிஸின் ஹாமில்டன் 1:16.224. மூன்றே மில்லி விநாடி. ஃபெராரி முந்திவிட்டது என்று உலகமே பேசியது. மெல்பர்னில் பந்தயம் நடந்தபோது மெர்சிடிஸின் போட்டாஸ் 20 விநாடிக்கு மேல் முந்தி ஜெயித்தார், ஹாமில்டன் இரண்டாவது, வெட்டல் நாலாவது. அதற்கும் முன்னால், 2001-இல், ப்ரோஸ்ட் அணியின் அலேசி வெள்ளோட்டத்தில் பறந்தார். அந்த ஆண்டு முழுக்க அணிக்குக் கிடைத்தது 4 புள்ளி, அடுத்த ஜனவரியில் அணியே இல்லை. விளம்பரதாரரைப் பிடிக்க எடையைக் குறைத்து ஓட்டினார்கள் என்ற பேச்சு அப்போதே இருந்தது.

அதற்காக வெள்ளோட்டம் எதையுமே சொல்லாது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2009-இல் பிரான் அணி கடைசி நேரத்தில் வந்து இறங்கி எல்லாரையும் ஓரங்கட்டியது. இதுவும் காலித் தொட்டி வேலைதான் என்று சிரித்தார்கள். அந்த அணியின் ஓட்டுநர் ஜென்சன் பட்டன் முதல் ஏழு பந்தயத்தில் ஆறை ஜெயித்துப் பட்டத்தையும் வாங்கினார். 2017-இல் வின்யாலெஸ் மோட்டோ ஜிபி வெள்ளோட்டம் எல்லாவற்றிலும் முதலாவது. முதல் இரண்டு பந்தயத்தையும் ஜெயித்தார், ஆண்டு முடிவில் மூன்றாம் இடம். 2025-இல் செப்பாங்கில் முந்தியது தம்பி அலெக்ஸ், பட்டம் போனது அண்ணன் மார்க்குக்கு, தம்பி இரண்டாவது. பாதி உண்மை, பாதி கண்கட்டு.

செப்பாங் வெள்ளோட்டத்தைச் சரியாகப் படிக்க வேண்டுமானால் பட்டியலின் தலையைப் பார்க்கக் கூடாது. மிக வேகமான நேரங்கள் பெரும்பாலும் கடைசி நாள் காலையில், தடம் சூடேறுமுன், புது மென் டயரில் வருபவை. ஆசாரி காதைக் கொடுக்கும் இடம் மத்தியானம். அந்த வெயிலில் பத்துச் சுற்று, பதினைந்து சுற்று என்று தொடர்ந்து ஓட்டுகிறவரின் வேகம் பத்தாவது சுற்றில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். வண்டி எத்தனை முறை கொட்டகைக்குள் தள்ளப்பட்டது என்று எண்ணுங்கள். நம் செய்திகளில் இது ஒரு வரிகூட வராது. 'தேர்வு' என்று தலைப்பு போட்டுவிட்டால் முதல் மாணவன் பெயரைத் தவிர வேறு எதைப் போடுவது?

'சோதனை ஓட்டம்' இருக்கிறதே என்பார்கள். சரி, பிழையில்லை, ரயிலுக்கு அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் நம் ஊரில் சோதனை என்றால் மறுபடியும் பள்ளிக்கூடம், இல்லையென்றால் கடவுள் தருகிற கஷ்டம். 'தகுதிச் சுற்று' சுத்தப் பிழை. அது பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்று முடிவாகும் சுற்று, அங்கே யாரும் ஒளித்து விளையாட மாட்டார்கள். செப்பாங்கில் மூன்று நாள் ஓட்டத்துக்கு முன்னால், வண்டியை முதலில் இறக்கிச் சரிபார்க்க நடக்கும் 'ஷேக்டவுன்' அல்லவா உண்மையான வெள்ளோட்டம் என்று ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. அதற்குப் போமன்கள் சொல்லும் 'உருட்டிப் பார்ப்பது' போதும், பெரியதற்கு வெள்ளோட்டம் இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேகத்தை வேண்டுமென்றே மறைக்கும் அணியைப் பற்றி, ஆங்கில 'சேண்ட்பேகிங்'கை அப்படியே பெயர்த்து 'மணல் மூட்டை போடுகிறார்கள்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். வெள்ளத்தடுப்பு வேலை என்றல்லவா நினைப்பான் கிள்ளான்காரன்! 'அடக்கி வாசிக்கிறார்கள்' என்று மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார். ஆங்கில 'லேப்'பை மடியாக்கி, சுற்று நேரத்தை 'மடி நேரம்' என்று போட்டவரும் உண்டு. அவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.