எழுபது ஹோம் ரன்களும் ஒரு குப்பி சிறுநீரும்

1998-ம் ஆண்டு கோடையில் அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களுக்குத் தூக்கமே இல்லை. ஒரே சீசனில் 61 ஹோம் ரன் என்ற ரோஜர் மாரிஸின் சாதனை 37 ஆண்டுகளாக அசையாமல் கிடந்தது. அந்த வருடம் மார்க் மெக்வயர் 70 அடித்தார். அவரோடு முட்டிமோதிக்கொண்டு வந்த சாமி சோசா 66. இதற்கு நடுவில், ஆகஸ்ட் மாதம், மெக்வயரின் லாக்கரில் இருந்த ஒரு குப்பி நிருபர் ஒருவரின் கண்ணில் பட்டது. உள்ளே இருந்தது ஆண்ட்ரோஸ்டீன்டையோன். உடலுக்குள் போனதும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனாக மாறக்கூடிய சரக்கு. அப்போது ஒலிம்பிக்கில் தடை, பேஸ்பாலில் தடை இல்லை, கடையிலேயே கிடைத்தது. அதனால் குப்பியை வைத்திருந்தவரைவிட, பார்த்துச் சொன்ன நிருபர்மேல்தான் பலருக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு வருடம் கழித்து, 2010 ஜனவரியில், தசை வளர்க்கும் ஸ்டீராய்டு எடுத்தேன் என்று மெக்வயரே ஒப்புக்கொண்டார்.

அன்று தொடங்கிய சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. யாராவது திடீரென்று பந்தைப் பறக்கவிட்டால், ‘இவர் என்ன ஊசி போட்டுக்கொள்கிறார்?’ என்ற கேள்வி வந்துவிடுகிறது. ரசிகரின் கையில் இருக்கும் ஆதாரம் இரண்டுதான்: வீரரின் உடம்பு, ஸ்கோர் கார்டு. இந்த இரண்டையும் வைத்து எவ்வளவு தூரம் போக முடியும்? இயற்பியல் இதற்குச் சுவாரசியமான பதில் வைத்திருக்கிறது.

கிரிக்கெட் மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹோம் ரன் என்றால் பெரும்பாலும் பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பது, அதாவது நம்ம சிக்சர். ஆனால் நம் எல்லைக்கோடு 70 மீட்டர் பக்கம் இருக்கும். பேஸ்பால் வேலி மூலைகளில் சுமார் 100 மீட்டர், நடுவில் 120 மீட்டர்வரை போகும். மட்டையும் தட்டையாக இருக்காது, உருண்டை. மணிக்கு 150 கிலோமீட்டரில் வரும் பந்து கையை விட்டுக் கிளம்பி மட்டைக்கு வர 0.4 விநாடிதான் ஆகிறது. மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கணத்தில் ஸ்டீராய்டு ஒன்றும் செய்யாது. பந்தைப் பார்க்கும் கண்ணையும் அது தராது. மருந்து வேலை செய்வதெல்லாம் அதற்குப் பல மாதங்களுக்கு முன்னால், உடற்பயிற்சிக் கூடத்தில்.

டெஸ்டோஸ்டிரோன் தசைச் செல்லுக்குள் நுழைந்து அங்கிருக்கும் ஆண்ட்ரோஜன் ஏற்பியோடு சேருகிறது. அந்த ஜோடி செல்லின் கருவுக்குப் போய், புரதத்தைக் கூடுதலாகக் கட்டு என்று மரபணுக்களுக்கு உத்தரவு போடுகிறது. எவ்வளவு கூடும்? 1996-ல் ஷலேந்தர் பாசின் குழு வெளியிட்ட ஆய்வில் இதற்கு நேரடிக் கணக்கு இருக்கிறது. வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன், பத்து வாரம். ஊசியும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை சராசரியாக 6 கிலோ ஏறியது. வெறும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 2 கிலோ பக்கம். வயிற்றெரிச்சலான விஷயம் மூன்றாவது கூட்டம்தான்: ஊசி மட்டும் போட்டுக்கொண்டு ஒரு எடையையும் தூக்காமல் இருந்தவர்களுக்கும் 3 கிலோ ஏறியது. வேர்வை சிந்தியவரைவிட அதிகம்.

சரி, தசை கூடியது. ஹோம் ரன் எப்படிக் கூடும்? டஃப்ட்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ரோஜர் டோபின் 2008-ல் இதற்குக் கணக்குப் போட்டார். தசை 10 சதவீதம் கூடினால் மட்டையின் வேகம் 5 சதவீதம் கூடும். அடிபட்டுப் போகும் பந்தின் வேகம் அதைவிடக் குறைவாக, 4 சதவீதம்தான் கூடும். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் மணிக்கு 160 கிலோமீட்டரில் கிளம்பும் பந்து 4 சதவீதம் வேகமாகக் கிளம்பினால் ஏறக்குறைய ஆறு மீட்டர் தள்ளிப்போய் விழும். டோபினின் முடிவு: அடித்த பந்துகளில் ஹோம் ரன் ஆகும் விகிதம் 50 முதல் 100 சதவீதம்வரை உயரலாம்.

நான்கு எப்படி நூறாகிறது? நுழைவுத்தேர்வு கட்-ஆஃபை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் நடுவில் குவிந்திருப்பார்கள், கோட்டைத் தாண்டுபவர்கள் கொஞ்சம்தான். எல்லோருக்கும் ஐந்து மதிப்பெண் கூட்டிப் போட்டால் சராசரி பெரிதாக மாறாது. ஆனால் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்ற ஒரு பெருங்கூட்டம் மொத்தமாக மேலே ஏறிவிடும். பேஸ்பால் வேலியும் அப்படித்தான் நிற்கிறது. நல்ல அடிகாரர் அடிக்கும் பந்துகளில் பத்தில் ஒன்றுதான் வேலியைத் தாண்டும். வேலியடியில் ஃபீல்டர் கையில் அகப்படும் பந்துகளோ ஏராளம். ஆறு மீட்டர் கிடைத்தால் அவ்வளவும் ஹோம் ரன். ஆகவே ரசிகரின் சந்தேகம் அடிப்படையில் முட்டாள்தனமே அல்ல. 2001-ல் பேரி பாண்ட்ஸ் 73 அடித்தபோது அவருக்கு 37 வயது ஆகியிருந்தது. பெரும்பாலான வீரர்கள் தேய்ந்துபோகும் அந்த வயதில் இப்படி ஒரு உச்சமா என்று புருவம் உயர்த்தியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இதே கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்த ஆறு மீட்டர் எங்கிருந்து வந்தது என்று வேலிக்குத் தெரியாது. தசையிலிருந்து வரலாம், காற்றிலிருந்தும் வரலாம், பந்தின் தையலிலிருந்தும் வரலாம். 2014-ல் அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக் முழுவதும் சேர்த்து அடித்த ஹோம் ரன்கள் 4,186. 2019-ல் 6,776. ஐந்தே வருடத்தில் அறுபது சதவீதத்துக்கு மேல் ஏற்றம். சோதனைகள் இறுகியிருந்த காலத்தில்தான் இது நடந்தது. லீகே அமைத்த விஞ்ஞானிகள் குழு ஆராய்ந்து பார்த்தபோது, பந்துமேல் காற்றின் இழுவை குறைந்திருந்தது தெரிந்தது. பந்தின் தையல் கண்ணுக்குத் தெரியாத அளவு தாழ்ந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். ஒரு தலைமுறைக்கே ஊசி போட்டதைப் போன்ற விளைவை ஒரு நூல் இழை செய்திருக்கிறது!

தனி ஆளுக்கு வந்தால் இன்னும் சிக்கல். டேவி ஜான்சன் 1972-ல் அடித்தது 5. அடுத்த வருடம் அட்லாண்டா அணிக்கு மாறினார், பந்து நன்றாகப் பறக்கும் மைதானம், 43 அடித்தார். அதற்கடுத்த வருடம் 15. இதே எண்கள் இன்று வந்திருந்தால் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்கள். ஹோசே பௌடிஸ்டா 2009-ல் 13, 2010-ல் 54. கால் தூக்கும் நேரத்தை மாற்றி, மட்டையை முன்னமே கிளப்பப் பழகினார் என்பது அவர் பக்கத்து விளக்கம். திரும்பத் திரும்பச் சோதித்தார்கள், எதிலும் அவர் சிக்கவில்லை. மாரிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 61 அடித்த அந்த ஒரு வருடத்தைத் தவிர அவர் 40-ஐத் தொட்டதே இல்லை. நூற்றுக்கணக்கான வீரர்கள் வருடாவருடம் ஆடும் ஆட்டத்தில் யாராவது ஒருவருக்கு நம்ப முடியாத சீசன் அமையத்தான் செய்யும். மொத்தக் கூட்டத்தைப் பார்த்து ‘இங்கே ஏதோ நடக்கிறது’ என்று சொல்ல எண்கள் உதவும். ‘இவர்தான்’ என்று விரல் நீட்ட உதவாது.

விரல் நீட்டியவர்கள் எப்படி ஏமாந்தார்கள் என்பதும் பதிவில் இருக்கிறது. 2005-ல் புதிய விதிப்படி முதலில் தடை வாங்கியவர் அலெக்ஸ் சான்செஸ். ஒல்லியான ஆள், ஓட்டத்துக்குப் பேர்போனவர், ஹோம் ரன் அடிப்பவரே அல்ல. அந்த வருடம் தண்டனை பெற்ற 12 பேரில் சரிபாதி பந்து வீசுபவர்கள். தோள்பட்டை நொந்துபோன பிட்சருக்கு, அடுத்த ஆட்டத்துக்குள் தசை தேறிவிட வேண்டும் என்பதுதான் அவசரம். பெருத்த கையைத் தேடிய கண்ணுக்கு இவர்கள் யாருமே படவில்லை.

ஆகவே சிறுநீர்க் குப்பிக்கு வருவோம். சிறுநீர் கொடுப்பது அவ்வளவு கௌரவமான அனுபவம் அல்ல. வீரர் குப்பியை நிரப்புவதைச் சோதனை அதிகாரி நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு அதை இரண்டு பாட்டில்களாகப் பிரிப்பார்கள். உடைக்காமல் திறக்க முடியாத மூடி. ஒன்றைச் சோதிப்பார்கள், மற்றது மறுசோதனைக்காக உறைநிலையில் காத்திருக்கும். ஸ்டானசோலால் என்ற ஸ்டீராய்டு மாதிரி உடம்பில் இயற்கையாக ஊறாத பொருள் என்றால் வேலை சுலபம். இருந்தாலே குற்றம். 2005 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் விரலை நீட்டி ‘நான் ஸ்டீராய்டு எடுத்ததே இல்லை’ என்று சொன்ன ரஃபேல் பல்மேரோ, அதே ஆகஸ்டில் தடை வாங்கியது இந்த ஸ்டானசோலாலால்தான். தெரிந்து எடுக்கவில்லை என்று அவர் இன்றும் சொல்கிறார்.

டெஸ்டோஸ்டிரோன்தான் தலைவலி. அது எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. அதனால் முதலில் ஒரு விகிதம் பார்க்கிறார்கள். டெஸ்டோஸ்டிரோனோடு எபிடெஸ்டோஸ்டிரோன் என்ற உதவாக்கரை உறவினரும் உடம்பில் உண்டு. பலருக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக வெளியேறும். வெளியிலிருந்து ஒன்றை ஏற்றினால் விகிதம் எகிறும். நான்கு மடங்கைத் தாண்டினால் சந்தேகம். இதை ஏமாற்ற வழி கண்டவர்கள் கலிஃபோர்னியாவின் பால்கோ நிறுவனத்தார். அவர்களுடைய ‘க்ரீம்’ டெஸ்டோஸ்டிரோனையும் எபிடெஸ்டோஸ்டிரோனையும் சேர்த்தே குழைத்தது. இரண்டும் ஏறும், விகிதம் சாந்தமாக இருக்கும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை வருகிறது. உலகத்திலுள்ள கார்பன் அணுக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 99, எடை 12 உள்ளவை. மீதி ஒன்று எடை 13. மக்காச்சோளமும் கரும்பும் ஒளிச்சேர்க்கை செய்யும் முறையே வேறு என்பதால், சோயாவையும் நெல்லையும் கோதுமையையும்விட அவற்றில் கனமான கார்பன் கொஞ்சம் அதிகமாகத் தங்கும். அமெரிக்கர் மக்காச்சோளத்தைத் தின்கிறார், அதன் பாகைக் குடிக்கிறார், அதைத் தின்று வளர்ந்த மாட்டையும் தின்கிறார். அவர் உடம்பு தயாரிக்கும் டெஸ்டோஸ்டிரோனில் அந்தக் கனம் இருக்கும். மருந்துக் கம்பெனியின் டெஸ்டோஸ்டிரோனோ சோயாவிலிருந்தோ ஒருவகைக் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்தோ வருவது. எடை குறைந்த சரக்கு.

ஆய்வகத்தில் சிறுநீரிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைத் தனியே பிரித்து, எரித்து, கார்பன் டை ஆக்சைடாக்குகிறார்கள். அந்த வாயுவில் 44 எடையுள்ள மூலக்கூறு எத்தனை, 45 எத்தனை என்று கருவி எண்ணுகிறது. ஒப்பிடுவதற்கு அதே ஆளின் சிறுநீரிலிருந்தே, ஊசியால் பாதிக்கப்படாத இன்னொரு ஸ்டீராய்டை எடுக்கிறார்கள். அநேகமாக ப்ரெக்னேன்டையால். இரண்டுக்கும் இடையில் ஆயிரத்துக்கு மூன்று பங்குக்குமேல் வித்தியாசம் இருந்தால், இது வெளியிலிருந்து வந்தது. க்ரீம் தந்திரம் இங்கே எடுபடாது. (அரிசியே கதி என்றிருக்கும் நம்மவர்களின் கார்பன் இயல்பாகவே மருந்தின் கார்பனுக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும். ஆக, சோதனையின் கூர்மை சாப்பாட்டைப் பொறுத்தும் மாறும்.)

பிறகு ஏன் எல்லோருக்கும் இதையே செய்வதில்லை? செலவும் நேரமும் அதிகம். விகிதம் சந்தேகம் கிளப்பினாலோ, வேறு காரணம் இருந்தாலோ செய்வார்கள். அந்த முதல் வடிகட்டியில் மரபணுவே ஓட்டை போட்டிருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனைச் சிறுநீருக்கு அனுப்பும் ஒரு நொதியின் மரபணு சிலருக்குப் பிறவியிலேயே இல்லை. கிழக்கு ஆசியர்களிடம் இது மிகச் சாதாரணம். அவர்கள் ஊசி போட்டுக்கொண்டாலும் விகிதம் நான்கைத் தொடாமலே போகலாம். இதற்காகத்தான் இப்போது ஒரே வீரரின் பழைய அளவுகளோடு புதிய அளவை ஒப்பிடும் முறைக்குப் போயிருக்கிறார்கள்.

பால்கோவின் இன்னொரு சரக்கு ‘க்ளியர்’. வேதியியலாளர் பேட்ரிக் ஆர்னால்ட் வடிவமைத்த இந்த ஸ்டீராய்டு எந்தப் பட்டியலிலும் இல்லாததால் எந்தக் கருவியும் அதைத் தேடவில்லை. போதாக்குறைக்கு, வழக்கமான சோதனையின் தயாரிப்புக் கட்டத்திலேயே சிதைந்துபோய்விடும். 2003-ல் ஒரு தடகளப் பயிற்சியாளர் பயன்படுத்தப்பட்ட ஊசிக் குழாய் ஒன்றை ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புக்கு அனுப்பினார். குழாயில் ஒட்டியிருந்த மிச்சத்தை டான் கேட்லினின் லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வகம் பகுத்தது. கெஸ்ட்ரினோன் என்ற பெண்கள் மருந்தில் நான்கு ஹைட்ரஜன் அணுக்களைச் சேர்த்தால் கிடைக்கும் பொருள் என்று கண்டு, தாங்களே அதைத் தயாரித்துப் பார்த்து உறுதிசெய்தார்கள். பாண்ட்ஸின் பெயர் சிக்கியது இந்த விவகாரத்தில்தான். பயிற்சியாளர் கொடுத்தது ஆளிவிதை எண்ணெய், மூட்டுவலித் தைலம் என்றே நினைத்தேன் என்று அவர் சாட்சி சொன்னதாகச் செய்தி வந்தது. நீதியைத் தடுத்ததாக 2011-ல் வந்த தீர்ப்பையும் 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கிவிட்டது.

சில சமயம் வேதியியல் ஜெயித்து, காகிதம் தோற்கும். 2011-ல் ரையன் ப்ரான் என்ற வீரரின் சோதனையில் டெஸ்டோஸ்டிரோன் பிடிபட்டது. ஆனால் மாதிரி உடனே கூரியரில் போகாமல், எடுத்தவர் வீட்டிலேயே 44 மணி நேரம் இருந்தது. நடுவர் தண்டனையை ரத்து செய்தார். 2013-ல் வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்த ஃப்ளோரிடாவின் பயோஜெனசிஸ் மருத்துவமனை அம்பலமானபோது ப்ரான் 65 ஆட்டத் தடையை ஏற்றுக்கொண்டார். அதே விவகாரத்தில் அலெக்ஸ் ரோட்ரிகஸுக்கு 2014 சீசன் முழுவதும் போனது. அவரைப் பிடித்தது சிறுநீர் அல்ல, அந்த மருத்துவமனையின் கணக்கு நோட்டுகள்.

இன்றைய கருவிகள் ஒரு மில்லிலிட்டரில் சில பிகோகிராம் இருந்தாலும் கண்டுபிடிக்கும். ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிகோகிராம். இதனால் சந்தேகத்தின் திசையே மாறிவிட்டது. 2022 ஆகஸ்டில் ஃபெர்னாண்டோ டாடிஸ் ஜூனியரின் சோதனையில் க்ளோஸ்டெபால் என்ற ஸ்டீராய்டு கிடைத்தது, 80 ஆட்டம் தடை. படர்தாமரைக்குப் போட்ட மருந்தில் அது இருந்தது என்றார் அவர். ரசிகர்கள் சிரித்தார்கள். ஆனால் க்ளோஸ்டெபால் சில நாடுகளில் தோல் களிம்புகளில் சேர்க்கப்படுவது உண்மை. களிம்பு போட்டவரின் கையைத் தொட்டவர் சிறுநீரிலும் அது தென்படும் என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. சிறுநீரில் இருப்பது களிம்பின் மிச்சமா, பல வாரங்களுக்கு முன் போட்ட ஊசியின் வாலா என்பதை ஒரே ஒரு மாதிரியின் அளவை வைத்துப் பிரிப்பது கடினம். விதிப்படி அதை நிரூபிக்க வேண்டியது ஆய்வகம் அல்ல, வீரர். முதலில் மேல்முறையீடு செய்த டாடிஸ், பிறகு அதைக் கைவிட்டுத் தடையை ஏற்றுக்கொண்டார்.