ஆறு எழுத்து இருந்தால் டிக்கெட் ஆகிவிடாது

சிங்கப்பூர் தேக்காவில் விமான டிக்கெட் போடும் வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். தீபாவளிக்கு முன்னாலும், நவம்பர், டிசம்பர் பள்ளி விடுமுறையிலும் சிலர் டிக்கெட் எடுக்க வருவதில்லை. வேறெங்கோ எடுத்தது உண்மைதானா என்று கேட்க வருகிறார்கள்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று ஓர் அக்கா போனை நீட்டினார். திருச்சிக்கு நான்கு பேர். ஃபேஸ்புக் விளம்பரத்தில் கிடைத்த ஆள். இன்று இரவுக்குள் போட்டால்தான் இந்த விலை என்று வாட்ஸ்அப்பில் அவசரப்படுத்தி, வங்கிக் கணக்கிலிருந்து உடனே பணம் அனுப்பும் பேநவ் வழியாகப் பணம் வாங்கியிருக்கிறான். அக்கா விவரமானவர்தான். பணம் போடுமுன் விமான நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த ஆறு எழுத்துப் பதிவு எண்ணைத் தட்டிப் பார்த்திருக்கிறார். நான்கு பெயரும் தேதியும் சரியாக வந்திருக்கின்றன. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பதிவையே காணோம்.

இடம் பிடித்து வைப்பது வேறு, டிக்கெட் போடுவது வேறு. எங்கள் தொழிலில் பணம் கட்டாமலே இடத்தைப் பிடித்து வைக்க முடியும். கெடுவுக்குள் டிக்கெட் போடாவிட்டால் அது தானாக ரத்தாகிவிடும். அக்கா பார்த்தது பிடித்து வைத்த இடத்தை மட்டும்தான்.

பெரிய விமான நிறுவனங்களில் டிக்கெட் போட்டாயிற்று என்றால் ஆளுக்கு ஒரு 13 இலக்க எண் இருக்கும். முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தின் குறியீடு: சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு 618, ஏர் இந்தியாவுக்கு 098. பணம் கட்டிய அன்றே அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதுவும் முழுக் காப்பு ஆகாது. திருட்டுக் கிரெடிட் கார்டில் வாங்கிய டிக்கெட்டுக்கும் எண் இருக்கும். கார்டுக்காரர் புகார் கொடுத்ததும் ரத்தாகும். அதனால் விலையைவிட, யாருக்குப் பணம் போகிறது என்பதை முதலில் பாருங்கள்.

சிங்கப்பூரில் பயண முகவருக்குப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும். கழகத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடினால் தெரிந்துவிடும். கேட்டால் உரிமம் உள்ளவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பேநவ் என்றால் நிறுவனத்தின் பதிவு எண்ணான யூஇஎன் எண்ணுக்கு அனுப்புங்கள். யாரோ ஒருவரின் கைப்பேசி எண்ணுக்கு வேண்டாம்.

முன்பதிவு செய்ய ஒரு செயலியை இறக்குங்கள் என்று ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) அனுப்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2023-இல் மலேசிய டுரியான் சுற்றுலா என்று விளம்பரம் செய்து, இப்படித்தான் போனுக்குள் புகுந்து வங்கிக் கணக்கைத் துடைத்தார்கள். அப்புறம், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு சிங்கப்பூருக்குள் நுழைய நிரப்பும் எஸ்ஜி வருகை அட்டை இலவசம். காசு கேட்கும் தளம் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் தளம் அல்ல.

பணம் போய்விட்டதா? முதலில் வங்கிக்கு அழையுங்கள், பிறகு போலீஸ் புகார். சந்தேகம்தான் என்றால் மோசடி பற்றிக் கேட்க ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799, எந்த நேரமும்.

அந்த அக்கா என் முன்னால் உட்கார்ந்தே வங்கிக்குப் பேசினார். அந்த ஆளுடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடலைக் காட்டுங்கள் என்றேன். வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில் முந்தின ராத்திரியே எல்லாவற்றையும் அழித்திருந்தார். போலீசுக்குக் காட்ட அவரிடம் மிஞ்சியது பணம் அனுப்பிய ரசீது மட்டும்தான். தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.