பாவசங்கீர்த்தனம், கொம்பெசியோன், ஒப்புரவு: எது சரியான தமிழ்?

பாவசங்கீர்த்தனம்னா என்ன, அது தமிழா வடமொழியா, இப்ப கோயில் அறிவிப்புல ஒப்புரவுன்னு படிக்கிறாங்களே அதுவும் இதுவும் ஒண்ணா வேற வேறயா... புதுநன்மைக்கு, அதாவது முதல் தடவை நற்கருணை வாங்குறதுக்கு, பிள்ளைங்கள தயாரிக்கிற நேரத்துல மறைக்கல்வி வகுப்புல இத பிள்ளைங்கள விட அவங்க அம்மா அப்பாதான் அதிகம் கேப்பாங்க. கேக்கவேண்டிய கேள்விதான். ஏன்னா இந்த ஒரு விஷயத்துக்கு தமிழ்ல வந்த பேரெல்லாம் வரிசையா எடுத்துப் பாத்தாலே கத்தோலிக்க நம்பிக்கை இதப் பத்தி என்ன சொல்லுதுன்னு பாதி புரிஞ்சிடும்.

முதல்ல விஷயத்த நேரா சொல்லிடுறேன். ஞானஸ்நானம் வாங்கின ஒருத்தர், தான் செஞ்ச பாவத்துக்கு மனசு வருந்தி, குருகிட்ட அத வாய்விட்டு சொல்லி, அவர் வழியா கடவுளோட மன்னிப்பைப் பெற்று, அவர் சொல்ற தவத்தையும் நிறைவேத்துறது, இதுதான் அந்த அருட்சாதனம். ஏழு அருட்சாதனத்துல, அதாவது கடவுளோட அருளைத் தர்ற ஏழு திருச்சபைச் சடங்குகள்ல, ஒண்ணு. கத்தோலிக்கர் இல்லாதவங்க பெரும்பாலும் இத "பாவமன்னிப்பு கேக்குறது"ன்னு சொல்வாங்க, தப்பில்ல, ஆனா அது கடைசியில கிடைக்கிறதோட பேரு, முழு விஷயத்துக்கும் அந்த பேரு போதாது.

தமிழ்ல புத்தகம் அச்சான மொத்த கதையிலயே இந்த அருட்சாதனத்துக்கு ரொம்ப முன்னாடியே ஒரு இடம் இருக்குங்கிறது பலருக்கு தெரியாது. முத்துக்குளித்துறையில, புன்னைக்காயல் பக்கம், வேலை செஞ்ச போர்ச்சுக்கீசிய சேசு சபை குரு அண்டிரிக்கி அடிகளார் 1578ல கொல்லத்துல அச்சடிச்ச தம்பிரான் வணக்கம்தான் தமிழ் எழுத்துல அச்சான முதல் புத்தகங்கள்ல நமக்கு கிடைச்சிருக்கிறது, அது எல்லாருக்கும் தெரியும், ஆனா ரெண்டே வருஷம் கழிச்சு 1580ல அவர் இன்னொண்ணு போட்டார், அதுக்கு பேரு கொம்பெசியொனாயரு. போர்ச்சுக்கீசுல பாவ அறிக்கைக்கான கையேட்டுக்கு என்ன பேரோ அத அப்படியே தமிழ் எழுத்துல எழுதிட்டாங்க. பாதிரி, குருசு எல்லாம் கடற்கரை பேச்சுல நுழைஞ்ச மாதிரிதான் கொம்பெசியோனும் நுழைஞ்சது. மலையாளத்துல இன்னைக்கும் கும்பசாரம்னுதான் சொல்றாங்க, அதுவும் அதே போர்ச்சுக்கீசு சொல்லுல இருந்து வந்ததுதான். மூலம் லத்தீன்ல கொன்ஃபெஸ்ஸியோ, அதாவது ஒத்துக்கொண்டு வாய்விட்டு சொல்றது.

அடுத்த கட்டம் மதுரை. 1606ல மதுரைக்கு வந்த தத்துவ போதகர்ங்கிற இராபர்ட் தெ நொபிலி, போர்ச்சுக்கீசு வாடை அடிக்கிற சொற்கள விட்டுட்டு இங்க இருக்கிற சமய மொழியிலயே பேசணும்னு முடிவு பண்ணவர். அந்த காலத்துல படிச்சவங்க சமய விஷயம் பேசினா வடமொழி கலந்துதான் பேசுவாங்க, அதனால சர்வேசுரன், தேவதிரவிய அனுமானம் (அருட்சாதனத்தோட பழைய பேரு), ஞானஸ்நானம்னு ஒரு சொல் வரிசையே அந்த மரபுல உருவாகி நிலைச்சிடுச்சு. பாவசங்கீர்த்தனமும் அந்த குடும்பத்து சொல்தான். எங்க ஊர் பாட்டிங்க வாயில அது பாதியா குறைஞ்சு "சங்கீத்தனத்துக்கு போயிட்டு வந்தியாடா"ன்னுதான் வரும், ஆனா கேட்ட உடனே எல்லாருக்கும் புரியும்.

இப்ப சொல்ல பிரிச்சுப் பாருங்க. "சம்"னா நல்லா, முழுசா. "கீர்த்தனம்"னா எடுத்துச் சொல்றது, பேர் சொல்லி புகழ்றது. கீர்த்தி, கீர்த்தனை எல்லாம் இதோட சொந்தக்காரங்கதான். அதனாலதான் சிலர் "நாமசங்கீர்த்தனம்னா கடவுள் பேரை பாடுறது, அப்ப பாவசங்கீர்த்தனம்னா பாவத்த பாடி புகழ்றதா, இது என்ன பொருந்தாத சொல்லு"ன்னு கேப்பாங்க. எனக்கு இது பொருந்தாத சொல்லா படல. லத்தீன் கொன்ஃபெஸ்ஸியோவுக்கும் இதே மாதிரி ரெட்டை அர்த்தம் உண்டு, பாவத்த ஒத்துக்கிறதும் அதுதான், கடவுளை புகழ்ந்து அறிக்கையிடுறதும் அதுதான், புனித அகுஸ்தீனார் அந்த சொல்ல ரெண்டு அர்த்தத்துலயும் சேர்த்தே கையாண்டவர். நான் செஞ்சது இதுன்னு மறைக்காம சொல்ற அதே வாய், என்னை மன்னிக்கிற கடவுள் எவ்வளவு பெரியவர்னும் சொல்லுது. சங்கீர்த்தனம்ங்கிற சொல்ல தேர்ந்தெடுத்தவங்க இத நினைச்சு எடுத்தாங்களோ இல்லையோ, சொல் அந்த அர்த்தத்துக்கு இடம் குடுக்குது, அதனால அத வடமொழின்னு மட்டும் சொல்லி தூக்கிப்போட எனக்கு மனசு வரல.

ஒப்புரவு எங்க இருந்து வந்துச்சு? உலகத்து ஆயர்கள் கூடின இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962ல இருந்து 1965 வரைக்கும் நடந்துச்சு, அதுக்கப்புறம் வழிபாடெல்லாம் அவங்கவங்க மொழிக்கு வந்துச்சு, 1973ல இந்த அருட்சாதனத்துக்கு ரோமைல இருந்து புது சடங்குமுறை வெளியாச்சு. குரு பாவமன்னிப்பு குடுக்கும்போது சொல்ற செபம் அந்த புது முறைல எப்படி தொடங்குதுன்னா, இரக்கமுள்ள தந்தை தம்ம மகனோட சாவாலயும் உயிர்ப்பாலயும் உலகத்த தம்மோட ஒப்புரவாக்கினார்னு தொடங்குது. அழுத்தம் அங்க மாறுது. நான் என்ன சொன்னேன்ங்கிறத விட, முறிஞ்சு போன உறவ கடவுள் திரும்ப சேக்குறார்ங்கிறது முன்னாடி வருது. தமிழ்ல அதுக்கு சொல் புதுசா செய்யவேண்டிய அவசியமே இல்லாம கையிலயே இருந்துச்சு. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதின ரெண்டாம் திருமுகத்துல அஞ்சாம் அதிகாரத்துல "கடவுளோடு ஒப்புரவாகுங்கள்"னு இருக்கே, அதே சொல். பழைய புராட்டஸ்டன்ட் தமிழ் பைபிள்லயும் காணிக்கைய பீடத்துகிட்ட வெச்சிட்டு முதல்ல போய் உன் சகோதரனோட "ஒப்புரவாகி" வான்னுதான் இருக்கும்.

இன்னும் பின்னாடி போனா வள்ளுவர். திருக்குறள்ல 22வது அதிகாரம் ஒப்புரவறிதல். அங்க அர்த்தம் கொஞ்சம் வேற, ஊரோட ஒத்து வாழறது, தன்கிட்ட இருக்கிறத பிறருக்கு பயன்பட வெக்கிறது. "ஒத்த தறிவான் உயிர்வாழ்வான் மற்றையான் செத்தாருள் வைக்கப் படும்"னு அந்த அதிகாரத்துலதான் வருது. கிறிஸ்தவ வழக்குல சமாதானமாகி சேர்றதுங்கிற அர்த்தம் மேல வந்துச்சு, ஆனா வேர் ஒண்ணுதான், ஒத்துப் போறது. அந்த அதிகாரத்துக்கு முன்னாடி இருக்கிறது தீவினையச்சம்ங்கிறதும் கவனிக்கத்தக்கது. என்னைக் கேட்டா இந்த குறள் அர்த்தத்தயும் நாம விட்டுடக்கூடாது, ஏன்னா பாவம்ங்கிறது எனக்கும் கடவுளுக்கும் நடுவுல மட்டும் நடக்குற ரகசியம் இல்ல, அது கூட இருக்கிற மனுஷங்களயும் திருச்சபையயும் காயப்படுத்துதுன்னுதான் கத்தோலிக்க போதனையும் சொல்லுது. ஒருத்தன்கிட்ட இருந்து திருடின பொருள திருப்பி குடுக்காம, ஒருத்தியப் பத்தி பரப்பின பொய்ய சரி பண்ணாம, மன்னிப்பு மட்டும் வாங்கிட்டு போறதுக்கு இங்க இடமில்ல.

அப்ப எது சரியான தமிழ்? முழு அருட்சாதனத்துக்கும் ஒப்புரவு அருட்சாதனம்னு சொல்றதுதான் சரி, எழுத்துல அதத்தான் எழுதணும். அதுக்குள்ள நாம குருகிட்ட சொல்ற அந்த ஒரு பகுதிக்கு பாவ அறிக்கைன்னு பேரு. பேச்சுல பாவசங்கீர்த்தனம்னு சொல்றவங்கள திருத்தவேண்டாம். ஒரே ஒரு சொல்ல மட்டும் வேண்டாம்னு கேட்டுக்கிறேன், அது வாக்குமூலம். டிவி சீரியலுக்கு தமிழ் வசனம் எழுதுறவங்க அப்பப்ப இத போட்டுடுறாங்க. வாக்குமூலம் போலீஸ்கிட்டயும் கோர்ட்லயும் குடுக்குறது, அத வெச்சு தண்டனை வரும். இங்க உண்மையா வருந்தி சொல்றவனுக்கு விடுதலைதான் கிடைக்குது.

இந்த சொல்லோட கூடவே வர்ற மத்த சொற்களும் மாறியிருக்கு. பழைய மந்திரப் புத்தகத்துல (செபப் புத்தகத்த அப்படித்தான் சொல்வாங்க) சாவான பாவம், அற்பப் பாவம்னு ரெண்டு இருக்கும். தெரிஞ்சே, முழு மனசோட, பெரிய விஷயத்துல செய்யிறது சாவான பாவம், அது உள்ள இருக்கிற அருள் வாழ்வையே சாகடிக்குதுன்னு அர்த்தம். மனஸ்தாபம்னா இன்னைக்கு பேச்சுல ரெண்டு பேருக்குள்ள வர்ற சண்டை, ஆனா உத்தம மனஸ்தாப செபத்துல அதுக்கு மனசு வெந்து வருந்துறதுன்னு பொருள், தாபம்னா சூடு. பிள்ளைங்களுக்கு இத விளக்காம மனப்பாடம் பண்ண வெச்சா, கடவுளோட நமக்கு ஏதோ தகராறுன்னு நினைச்சுக்கிடுறாங்க.

எப்பவும் வர்ற கேள்வி, நேரா கடவுள்கிட்ட கேட்டா போதாதா, நடுவுல சாமியார் எதுக்கு. கடவுள்தான் மன்னிக்கிறார், அதுல சந்தேகமே இல்ல. ஆனா உயிர்த்த இயேசு சீடர்கள் மேல ஊதி, யாருடைய பாவங்கள மன்னிப்பீங்களோ அது மன்னிக்கப்படும்னு சொன்னதா யோவான் 20ஆம் அதிகாரத்துல இருக்கு, இயேசு குடுத்த அந்த உரிமையின் பேர்லதான் குரு அங்க உக்காந்திருக்கார். அவரும் இன்னொரு குருகிட்ட போய் முழங்கால் போடணும், திருத்தந்தையும் அப்படித்தான், 2014 மார்ச்ல அப்ப திருத்தந்தையா இருந்த பிரான்சிஸ் புனித பேதுரு பேராலயத்துல எல்லாரும் பாக்க முதல்ல தானே போய் ஒரு குருமுன்னாடி மண்டியிட்டார்.

பூசை தொடக்கத்துல "என் பாவமே, என் பாவமே"ன்னு மார்புல தட்டுறோமே அது போதாதான்னா, அற்பப் பாவத்துக்கு அது உதவும், ஆனா அது இந்த அருட்சாதனம் ஆகாது, சாவான பாவம் இருந்தா நன்மை (நற்கருணை) வாங்குறதுக்கு முன்னாடி ஒப்புரவுக்கு போகணும். எத்தனை தடவை போகணும்னா, 1215ல நடந்த நாலாவது லாத்தரன் சங்கம் வருஷத்துக்கு ஒரு தடவையாவதுன்னு வெச்சது, இன்னைய சட்டமும் சாவான பாவத்துக்கு அதத்தான் சொல்லுது. அது குறைஞ்ச அளவு. போன்லயோ ஆன்லைன்லயோ பண்ணலாமான்னா முடியாது, நேர்ல போகணும்.

சாமியார் வெளிய சொல்லிடுவாரோங்கிற பயம் இருக்கே, இதுக்கு கொஞ்சம் நின்னு பதில் சொல்லணும். திருச்சபை சட்டம் 983 இத மீற முடியாத முத்திரைன்னு சொல்லுது. வார்த்தையாலயோ வேற எந்த விதத்துலயோ, எந்த காரணத்துக்காகவும், பாவம் சொன்னவர காட்டிக்குடுக்கக்கூடாது. நேரடியா மீறுற குருவுக்கு அந்த நொடியிலயே சபை விலக்கு, அத நீக்குற அதிகாரம் ரோமைக்கு மட்டும்தான். அங்க கேட்டத வெச்சு, சொன்னவருக்கு பாதகமா அவர் எதயும் செய்யவும் கூடாது. ப்ராக் நகரத்துல 1393ல ஆத்துல தள்ளி கொல்லப்பட்ட புனித யோவான் நெப்போமுக்க இந்த முத்திரைக்காக உயிர் விட்டவரா மக்கள் காலங்காலமா வணங்குறாங்க.

பாவ அறிக்கை கேக்க குரு உக்கார்ற அந்த மரத் தொட்டியும் ஆதியில இருந்து வந்ததில்ல. முதல் நூற்றாண்டுகள்ல பெரிய பாவத்துக்கு ஊரறிய தவம், அப்புறம் அயர்லாந்து துறவிகள் வழியா தனியா போய் சொல்ற வழக்கம் பரவிச்சு, நடுவுல கம்பி வலை வெச்ச தொட்டி 16ஆம் நூற்றாண்டுலதான், மிலான் பேராயரா இருந்த புனித சார்லஸ் பொரோமேயோ அத வலியுறுத்தினவர். பழைய கோயில்கள்ல பக்கச் சுவரோரமா இன்னும் நிக்கும், நடுவுல சாமியார் உக்கார்ற இடம், ரெண்டு பக்கமும் முழங்கால் போடுற பலகை, காது வெக்கிற உயரத்துல சின்னச் சின்ன ஓட்டை போட்ட தடுப்பு, அந்த பலகை நடுவுல மட்டும் தேய்ஞ்சு வழுவழுன்னு இருக்கும். இப்ப பல இடத்துல எதிர் எதிரா ரெண்டு நாற்காலி போட்டு உக்காந்தும் பேசுறாங்க. முகம் தெரியவேண்டாம்னு நினைக்கிறவங்களுக்கு தடுப்புக்கு பின்னாடி சொல்ற உரிமை உண்டு, அதக் கேக்க கூச்சப்படாதீங்க.

கடைசியா, ரொம்ப வருஷமா போகாம இருந்து, என்ன சொல்லி ஆரம்பிக்கிறதுன்னே மறந்துபோச்சு, செபமும் ஞாபகமில்ல, சாமியார் திட்டுவாரோன்னு தயங்குறவங்க நிறைய பேரு. உள்ள போய் முழங்கால் போட்டு, "சாமி, இத்தனை வருஷமாச்சு, எப்படி சொல்றதுன்னு தெரியல, நீங்களே உதவி பண்ணுங்க"ன்னு சொன்னா போதும், மிச்சத்த அவர் ஒவ்வொண்ணா கேட்டு கூட்டிட்டுப் போவார், உத்தம மனஸ்தாபம் வரலைன்னா உங்க சொந்த வார்த்தையிலயே வருத்தத்த சொல்லலாம். தவக்காலத்துல பங்குல பொது ஒப்புரவு வழிபாடு வெச்சு வெளி ஊர் சாமியார்களையும் வரவழைப்பாங்க, சொந்த பங்கு சாமியார்கிட்ட சொல்ல கூச்சமா இருக்கிறவங்க அன்னைக்கு போங்க.